பிடியரிசி கற்பிக்கும் பாடம்



தண்ணீரை வீணாக்கலாகாது என்பதை அறியாதவர் நம்மில் ஒருவரும் இலர். பள்ளிச் சுவர்களில் அதனை எழுதியும் வைக்கிறோம்; எழுத்தின் கீழேயே குழாய் ஒழுகிக்கொண்டிருப்பதை நான் பல இடங்களில் கண்டதுண்டு. அறிந்ததை அன்றாடப் பழக்கமாக்குவது எங்ஙனம்? இதற்குரிய விடையை எங்கள் விருதுநகரின் வரலாறே தருகிறது.

அவ்வூர் விருதுபட்டி என வழங்கிய நாளில், நாடார் உறவின்முறையார் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினர். அதனைப் பேணுவதற்குப் பிடியரிசி முறையைக் கைக்கொண்டனர். உலைக்கு அரிசி எடுக்கும் பெண்மணி, அதில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இடுவார். அவ்வாறு சேர்ந்த அரிசி வீடுதோறும் திரட்டப்பெற்றுப் பள்ளிச் செலவுக்கு உதவிற்று. பெருந்தலைவர் காமராசர் பயின்றதும் அப்பள்ளியில்தான்.

இம்முறை நிலைபெற்றதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கேட்டது சிறிது. ஒரு பிடி கொடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. இரண்டாவது, அது நாள்தோறும் செய்யும் செயலோடு இணைந்திருந்தது. உலை வைக்கும் வேளையே அதனை நினைவூட்டிற்று. மூன்றாவது, பயன் கண்முன் நின்றது. கலயத்தில் இட்ட அரிசி பள்ளிக்கூடமாக உயர்ந்ததை ஊரார் அனைவரும் கண்டனர்.

இன்று தண்ணீருக்கு இத்தகைய முறை ஒன்று நமக்கு வேண்டும். நம்முடையது கரிசல் சூழ்ந்த வறண்ட வட்டாரம். சிவகாசியில் தீக்குச்சியையும் பட்டாசையும் உலர்த்தித் தரும் அதே வெயில்தான் கண்மாயையும் ஊருணியையும் வற்றச் செய்கிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. நன்று! ஆயினும் சட்டம் குழியைத் தோண்டச் செய்யும். மழைக்கு முன் ஆண்டுதோறும் அதனைத் தூர் வாரச் செய்வது பழக்கமே அன்றோ?

எனவே சிறியதொன்றில் தொடங்குங்கள். முன்னாளில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த நீர் மாட்டுக்குப் போயிற்று. இன்று அந்நீர் சாக்கடைக்குப் போகிறது. அதனையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு வாளியில் சேருங்கள். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், 100 வீடுகளில் 500 லிட்டர். 30 நாட்களில் 15,000 லிட்டர்! தெருவுக்கு ஒரு வேம்போ புங்கமோ நட்டு, அந்நீரை முறைவைத்து ஊற்றுங்கள். வாரந்தோறும் சேர்ந்த அளவை வகுப்புக் கரும்பலகையில் எழுதுங்கள். சிறிது கேட்டல், அன்றாடச் செயலோடு இணைத்தல், பயனைக் காட்டல் என்னும் மூன்றும் இதில் அடங்கிவிடும்.

பிறருக்கு அறிவுரை கூற வேண்டியதில்லை. மரம் தழைத்து நிழல் தரும்போது, அடுத்த தெருவாரும் தம் வாளியை எடுப்பர். ஒரு பிடி அரிசியால் பள்ளியை வளர்த்த மண் இது. ஒரு வாளி நீரால் நிழலை வளர்க்க இயலாதா?