ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு அறிவது நம் உரிமை

"தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

காலனியின் கடைசி வீட்டு வாசலில் நின்றபடி அந்த அம்மா நம்மிடம் நீட்டியது மூன்று பக்க ரத்தப் பரிசோதனை அறிக்கை. கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூக்கில் எடுத்த சளி மாதிரியில் கொரோனா உறுதியாகிவிட்டது. மூச்சுத் திணறல் இல்லை. ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று டவுனில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் 3,000 ரூபாய் கட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். தோடு அடகு வைத்த பணம்.

நூறு நாள் வேலைக்கு 2021-22-ஆம் ஆண்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 273 ரூபாய். அப்படியானால் அந்த அறிக்கையின் விலை பதினோரு நாள் உழைப்பு. அதில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன. அவை என்னவென்று யாரும் சொல்லவில்லை. பயத்தில் அந்த வீடு இரண்டு இரவு தூங்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். தொற்று இருக்கிறதா என்று உறுதி செய்வது மூக்கு, தொண்டையில் சளி எடுத்துச் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை. தொற்று உடலை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று மருத்துவர் கணிக்க உதவுவதே இந்த ரத்தப் பரிசோதனை.

அறிக்கையில் வரும் பெயர்கள் இவைதான். ரத்த அணுக்களின் எண்ணிக்கையில், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். டி-டைமர், ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும். ஃபெரிட்டினும் எல்.டி.எச்.சும் அழற்சியும் திசுச் சேதமும் கூடும்போது உயரும்.

ஆனால், இந்த எண்கள் கொரோனாவால் மட்டும் உயர்பவை அல்ல. காலில் சீழ் பிடித்த புண் இருந்தாலும், காசநோய் இருந்தாலும் சி.ஆர்.பி. உயரும். கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் டி-டைமர் இயல்பாகவே கூடுதலாக இருக்கலாம். அலகும் குழப்பும். ஒரு கூடத்தில் டி-டைமர் 0.5 என்றும், இன்னொன்றில் 500 என்றும் அச்சாகும். அலகு வேறு என்பதால் இரண்டும் ஒரே அளவாக இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து அலறுவதில் பொருளில்லை.

லேசான தொற்று உள்ளவர்கள் இந்தப் பரிசோதனைகளுக்கு ஓட வேண்டியதில்லை, அவை வீண் பதற்றத்தையே உண்டாக்கும் என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா 2021 மே மாதத் தொடக்கத்தில் சொன்னார். நோய் நடுத்தர நிலையை அடைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கே சி.ஆர்.பி.யும் டி-டைமரும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றது மத்திய அரசின் அப்போதைய சிகிச்சை வழிகாட்டுதல்.

பண நஷ்டத்தோடு இது முடிவதில்லை. சி.ஆர்.பி. கொஞ்சம் கூடியதைப் பார்த்து, மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரை டெக்சாமெதசோன் காக்கிறது என்று 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. தேவையில்லாமல் எடுத்தால் சர்க்கரை ஏறும். கருப்புப் பூஞ்சைக்கும் வழி திறக்கும்.

அப்படியானால் வீட்டில் எதைக் கவனிப்பது? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ, நிமிடத்துக்கு மூச்சு 24-ஐத் தொட்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்தக் கருவியையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. அது காட்டும் அளவையும் தமனி ரத்தத்தில் நேரடியாக அளந்த அளவையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2020 டிசம்பரில் வெளியானது. உண்மையான ஆக்சிஜன் குறைவைக் கருவி காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கறுத்த தோல் நம்மில் பலருக்கும் உண்டு. எனவே கருவி 95 என்று காட்டினாலும் மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து உண்மை அளவைக் கண்டறிய முடியும்.

அரசு மருத்துவமனையில் தேவைப்படும் ரத்தப் பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்கிறார்கள். 2021-இல் முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கொரோனா சிகிச்சைக்குக் கட்டணம் இருக்கவில்லை. இது தெரியாததால்தான் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

தெரியாமல் போனது அந்த அம்மாவின் குற்றமல்ல. காய்ச்சல் முகாமை ஊர்த்தெருவில் போட்டுவிட்டு, காலனிக்காரர்கள் வந்து வரிசையின் கடைசியில் நிற்கட்டும் என்று விடும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. ஊரின் குப்பையையும் சாக்கடையையும் அள்ளும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் வசிப்பது காலனிகளில்தான். தொற்றின் முன்வரிசையில் நிறுத்தப்படுகிறவர்கள், பரிசோதனையில் மட்டும் பின்வரிசையில் நிற்பது என்ன நியாயம்? முகாம் காலனிக்கும் வர வேண்டும். அறிக்கையின் பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும். ஊராட்சியிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திடமும் இதை மனுவாகவே கேட்போம்.

அன்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போன் செய்தோம். அவர் ரத்த எண்களைக் கேட்பதற்கு முன், "ஆக்சிஜன் எவ்வளவு? நடந்தால் மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். சுகாதாரச் செவிலியர் கொண்டுவந்த கருவி 97 காட்டியது. நடந்து பார்த்தபோதும் இறங்கவில்லை. "தனியா இருக்கட்டும், தினமும் மூணு வேளை அளந்து பாருங்க" என்றார். பத்து நாளில் அவர் எழுந்துவிட்டார். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யார் கையில் அறிக்கை இருந்தாலும் வாங்கிப் படியுங்கள். நீங்களே வைத்தியம் சொல்ல வேண்டாம். மருத்துவருக்குப் போன் போட்டு, "இதற்கு என்ன அர்த்தம்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அவர்களுக்காகக் கேளுங்கள். நம் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.