சுமைகூலியை முன்பணமாகக் கட்டலாமா?

டீ வடிகட்டியின் வலை கிழிந்து, ஒரு வாரமாகத் தூளோடுதான் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் இரவு படுத்தபடியே போனில் தேடி, 149 ரூபாய்க்கு ஒன்றைக் கார்ட்டில் போட்டேன். பணம் கட்டும் பக்கத்தில் டெலிவரிக்கு 40 ரூபாய் ஏறியது. அதற்கு நேர் கீழே ஒரு பட்டை: உறுப்பினராகச் சேர்ந்தால் டெலிவரி இலவசம், நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சும்மா சொல்லி வைக்கவில்லை. பொருளுக்கு 149 கொடுக்கக் கூசாத கை, கொண்டுவந்து சேர்ப்பதற்கு 40 கொடுக்கக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைத்தான் இந்த உறுப்பினர் திட்டங்கள் காசாக்குகின்றன.

இந்த வியாபாரத்தை ஊருக்கெல்லாம் பழக்கியது அமேசான். 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில், ஆண்டுக்கு 79 டாலர் கட்டினால் இரண்டு நாளில் பொருள் வரும் என்று பிரைம் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவுக்கு 2016 ஜூலையில் வந்தது. அறிமுக விலை ஆண்டுக்கு 499 ரூபாய். அடுத்த ஆண்டே 999. 2021 டிசம்பரில் 1,499. ஆண்டுச் சந்தா அதற்கு மேல் ஏறாமல் நிற்க, 2023 ஏப்ரலில் மாதச் சந்தாவை 299 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். 299-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3,588. மொத்தமாக 1,499 கட்ட முடியாமல் மாதாமாதம் கட்டுகிறவர் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார். கையில் காசு குறைவாக இருப்பவரிடம்தான் அதிகம் வசூலாகிறது. தவணைக் கடைக்காரரிடம் பழகிய கணக்குதான் இது.

பிறகு 799 ரூபாய்க்குப் பிரைம் லைட் என்றும், ஷாப்பிங்குக்கு மட்டும் 399 ரூபாய்க்கு ஒன்று என்றும் கிளைகள் முளைத்தன. இந்த விலைகள் மாறக்கூடியவை. கட்டுவதற்கு முன் ஆப்பில் அன்றைய விலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. பிரைமில் இல்லாதவருக்கும், அமேசானே அனுப்பும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். அதற்குக் கீழே போனால்தான் 40 ரூபாய் அளவில் கட்டணம். அப்படியானால் 1,499 ரூபாய் சந்தாவை டெலிவரிக் கூலியில் மட்டும் மீட்க, ஆண்டுக்கு 38 முறை 499 ரூபாய்க்குக் கீழே ஆர்டர் போட வேண்டும். லைட்டுக்கு 20 முறை. 399 ரூபாய் திட்டத்துக்கு 10 முறை.

முப்பத்தெட்டு முறை சில்லறைப் பொருள் வாங்குகிறவரைச் சிக்கனக்காரர் என்று யாராவது சொல்வார்களா?

ஊகத்தில் பேசாமல் என் ஆர்டர் பட்டியலையே திறந்து எண்ணினேன். பெரும்பாலான ஷாப்பிங் ஆப்களில் பழைய ஆர்டர்களைப் பார்க்கலாம். ஒரு தாளும் பேனாவும் போதும். கடந்த ஆண்டில் 31 ஆர்டர்கள். அவற்றில் 499-க்குக் கீழே 12. அந்தப் பன்னிரண்டில் ஏழு, மற்றொரு ஆர்டருக்கு முன்னாலோ பின்னாலோ பத்து நாளுக்குள் போட்டவை. சேர்த்துப் போட்டிருந்தால் கூலியே இல்லை. மிஞ்சிய ஐந்துக்கு 200 ரூபாய். ஆண்டுக்கு 200 ரூபாய் செலவை மிச்சம் பிடிக்க 1,499 கட்டுவதா என்று கேட்டபோது வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

அவசரமில்லாத பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டுச் சும்மா விட்டுவிடுவது நல்ல பழக்கம். இரண்டு பலன்கள் உண்டு. ஒன்று, 499 தானாகச் சேரும். இன்னொன்று, பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது அதில் பாதி, எதற்காகப் போட்டோம் என்றே தெரியாமல் கிடக்கும். இந்த வடிகட்டல் வேலையைச் செய்வதே அந்த 40 ரூபாய்தான். அது ஒரு வேகத்தடை. சந்தா கட்டிய அன்றே அந்தத் தடையை நாமே காசு கொடுத்துப் பெயர்த்து எடுக்கிறோம். அப்புறம் ஒரு பாக்கெட் ஊசிக்கும் தனிப் பெட்டி வரும். கட்டின காசை எடுக்க வேண்டுமே என்ற நினைப்பு வேறு. கல்யாண வீட்டில் மொய் எழுதியாயிற்று, இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்துவிடுவோம் என்பது போல. விலை ஒப்பிடும் பழக்கமும் மெல்லப் போய்விடுகிறது. சந்தா கட்டிய ஒரே கடையில்தான் தேடுகிறோம். பக்கத்துத் தெருப் பாத்திரக்கடை நினைவுக்கே வருவதில்லை. போதாததற்கு, 2025 முதல் அமேசானில் பெரும்பாலான ஆர்டர்களுக்கு ஐந்து ரூபாய் மார்க்கெட்பிளேஸ் கட்டணம் சேர்கிறது. பிரைம்காரருக்கும் விலக்கு இல்லை.

சந்தாவே வீண் என்று சொல்ல வரவில்லை. சிலருக்குக் கட்டுப்படியாகும். ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து அமேசான் தரும் கிரெடிட் கார்டில் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதமும் மற்றவருக்கு 3 சதவீதமும் திரும்பக் கிடைக்கிறது. வித்தியாசம் 2 சதவீதம். ஆண்டுக்கு 75,000 ரூபாய் அங்கே செலவழிக்கிற குடும்பத்துக்கு அந்த வித்தியாசத்திலேயே சந்தா வந்துவிடும். படம், தொடர் பார்க்கிறவர்களுக்கு வீடியோவும் ஒரு காரணம். ஆனால் 2025 ஜூன் 17 முதல் அதிலும் விளம்பரம் ஓடுகிறது. விளம்பரம் வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னும் 699 ரூபாய் என்று தொடங்கினார்கள். கடைத்தெருவுக்கு நடக்க முடியாத முதியவர்கள் தனியே இருக்கும் வீடு என்றால் நானே கட்டச் சொல்வேன். சில ப்ரீபெய்ட் ரீசார்ஜ் திட்டங்களில் பிரைம் லைட் சேர்ந்தே வருகிறது. ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருப்பது தெரியாமல் தனியாகப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாளைக்கே வரும் என்பது உங்கள் பின்கோடைப் பொறுத்தது. சென்னையிலும் கோவையிலும் மறுநாள் வருவது, உள்ளடங்கிய சிற்றூருக்கு மூன்று நான்கு நாள் எடுக்கலாம். சந்தா மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். உறுப்பினர் முத்திரை இல்லாத, விற்பனையாளரே அனுப்பும் பொருளுக்குத் தனிக் கூலியும் கேட்கலாம். சேர்வதற்கு முன் வழக்கமாக வாங்கும் நாலைந்து பொருளை உங்கள் பின்கோடு போட்டுப் பாருங்கள். உறுப்பினருக்கும் மற்றவருக்கும் காட்டும் தேதியில் ஒரு நாள்தான் வித்தியாசம் என்றால், அந்த ஒரு நாளுக்குத்தான் நீங்கள் 1,499 கொடுக்கிறீர்கள்.

தாமதம் பற்றிச் சட்டம் சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன கெடுவுக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போல யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு. சந்தா கட்டாதவருக்கும் இந்த உரிமை அப்படியே உண்டு.

உண்மையான ஆபத்து சேரும்போது இல்லை. மறந்துபோகும்போதுதான்.

திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் அக்கா ஒருநாள் காலையிலேயே போன் செய்தாள். “ஏன்டா தம்பி, நான் எதுவுமே வாங்கலையே, பேங்க்ல ஆயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கானே?” விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. பையனுக்குப் பரீட்சை வழிகாட்டி அவசரமாகத் தேவைப்பட்டபோது, ‘ஒரு மாதம் இலவசம்’ என்று வந்ததைத் தட்டியிருக்கிறாள். இலவசத்துக்கே கார்டு நம்பரும் ஓடிபியும் கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறாள். பிறகு அந்த ஆப்பையே போனிலிருந்து தூக்கிவிட்டாள். ஆப்பைத் தூக்கினால் சந்தாவும் போய்விடும் என்று நினைத்தாளாம். போகாது. பணம் எடுக்கப்போகிறோம் என்று வங்கியிலிருந்து முதல் நாளே ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் வந்திருந்தது. லோன் வேண்டுமா, இடம் வேண்டுமா என்று வந்த ஐம்பது எஸ்எம்எஸ்களுக்கு நடுவே அது கிடந்தது.

அந்த எஸ்எம்எஸ் தானாக வருவதில்லை. ரிசர்வ் வங்கி போட்ட விதியால் வருகிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தொகையையும் தேதியையும் தெரிவிக்க வேண்டும். அந்த முறை மட்டும் வேண்டாம் என்று மறுக்கவோ, ஏற்பாட்டையே ரத்து செய்யவோ வழி இருக்க வேண்டும். சந்தா 15,000 ரூபாய்க்குள் இருந்தால் புதுப்பிக்கும்போது ஓடிபி கேட்காது. ஆகவே அந்த ஒரு எஸ்எம்எஸ்தான் நமக்கும் எடுக்கப்படும் பணத்துக்கும் நடுவே நிற்கும் ஒரே கதவு. யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்தால் யார் யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது தெரியும். திறந்து பார்த்தால் திடுக்கென்றிருக்கும்.

சேருவது ஒரு தட்டல், விலகுவது ஏழு பக்கம் என்று தெரிந்தே கட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு அமேசானுக்குள்ளேயே வைத்திருந்த செல்லப்பெயர் ‘இலியட்’. பத்தாண்டு நடந்த போரைப் பற்றிய கிரேக்கக் காவியத்தின் பெயர்! அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசத்துக்கு வந்தது. அதில் 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கு.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் திரைத் தந்திரங்களுக்கு எதிராக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. விலகும் வழியை ஒளித்து வைப்பது, சுற்றிச் சுற்றி அலையவிடுவது எல்லாம் இதில் அடங்கும். இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரமோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதியோ கட்டாயமாகக் கேட்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அக்காவுக்கு நடந்தது அப்படியே அதுதான். நீங்கள் கேட்காமலே உறுப்பினர் கட்டணத்தைக் கார்ட்டில் சேர்த்துவிடுவதும் தடை செய்யப்பட்ட தந்திரமே. ‘வேண்டாம், எனக்கு மிச்சம் பிடிக்க விருப்பமில்லை’ என்று மறுப்பவரைக் கூச வைக்கும் பொத்தானுக்கும் தடை உண்டு. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று 2020 விதிகளே சொல்லிவிட்டன.

அக்காவின் பணம் திரும்பி வந்தது. முதலில் சாட்டில் பேசியவர், கட்டினது கட்டினதுதான் என்றார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புதுப்பித்த பிறகு ஒரு பலனையும் பயன்படுத்தவில்லை என்று நான்கு வரி எழுதி, அந்த ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினோம். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் இப்படி ஓர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்பதாம் நாள் தீர்ந்தது. அதற்கிடையில் எதையும் வாங்காமல், எந்தப் படமும் பார்க்காமல் இருந்ததுதான் எங்கள் வாதத்துக்குப் பலம்.

அங்கே தீரவில்லை என்றால் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ எங்கோ இருக்கட்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் இல்லாமலே பணம் போயிருந்தால் புகார் வங்கிக்கு. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. விலகும் வழி தெரியவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். அங்கே காத்திருப்பவர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார், இருக்கிறதையும் எடுத்துக்கொண்டு போவார். உங்கள் உறுப்பினர் காலம் முடியப்போகிறது என்று தானே போன் செய்கிறவரும் இதே கூட்டம்தான். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நான் வடிகட்டியைக் கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பாத்திரக்கடையில் 90 ரூபாய்க்குக் கிடைத்தது. நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்கே ஆப்பைத் திறந்து அடுத்த புதுப்பிப்புத் தேதி என்றைக்கு என்று பாருங்கள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் வரும் தாளின் மூலையை மடித்துவையுங்கள்.