காருக்குள் கணினி – 9: இல்லாத தடைக்குப் பிரேக்

ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கத் தவறும்போது காரே பிரேக் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத் தானியங்கி அவசர பிரேக் என்று பெயர். முகப்பில் இருக்கும் ரேடாரும், முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மோதல் நெருங்குகிறது என்று கணக்கு வந்தால் முதலில் எச்சரிக்கை ஒலிக்கும். அதற்கும் ஓட்டுநர் அசையாவிட்டால் பிரேக் விழும். ஹோண்டா 2003-ல் ஜப்பானில் இன்ஸ்பயர் காரிலும், வோல்வோ 2008-ல் எக்ஸ்சி60 காரிலும் இதன் தொடக்க வடிவங்களைக் கொண்டுவந்தன. வோல்வோவின் ஏற்பாடு அப்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வரையிலான நகர வேகத்துக்கு மட்டுமே. இதன் பலனில் ஐயமில்லை. முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துகள், இந்த வசதியுள்ள கார்களில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதாக ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கண்டது.

ஆனால் இதே பிரேக், தடை எதுவும் இல்லாத சாலையிலும் சில நேரம் விழுகிறது. அது சிறிய தொந்தரவு அல்ல. அவசர பிரேக் ஒவ்வொரு நொடியிலும் காரின் வேகத்தைக் குறைந்தது நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் 152-ஆம் எண் வாகன விதி. அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் 62-க்கு இறங்கிவிடும். பின்னால் வருபவர் நிலைமையை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் அவருடைய வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். முன் கார் முழுதாக நின்றுவிடும் பட்சத்தில் மோதாமல் தப்ப அந்த 33 மீட்டரும் இடைவெளியாக இருந்தாக வேண்டும். நெருக்கமான நெடுஞ்சாலையில் அவ்வளவு இடைவெளி விட்டு ஓட்டுபவர்கள் அரிது.

காரணங்களில் முதலாவது ரேடாரின் இயல்பு. கார்களில் உள்ள ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அதன் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. எதிரே உள்ள பொருளின் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அது மிகத் துல்லியமாகச் சொல்லும். உயரத்தை அறிவதில்தான் பலவீனம். மேம்பாலத்தின் அடிப்பகுதி, சாலைக்கு மேலே குறுக்கே நிற்கும் பெயர்ப்பலகைச் சட்டம், பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு ஆகிய எல்லாமே அசையாத உலோகம். பாதை நடுவே நின்றுபோன லாரியும் அசையாத உலோகம்தான். எதிரொலி மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். அதனால் பழைய ஏற்பாடுகள் பலவற்றில், அதிக வேகத்தில் போகும்போது அசையாப் பொருட்களின் எதிரொலியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்படி அமைத்திருந்தார்கள். அது எதிர்த்திசைப் பிழைக்கு, அதாவது நிற்கும் வண்டி மீது போய் மோதுவதற்கு வழி விட்டது.

கேமரா உருவத்தை அடையாளம் காணும். மனிதரா, வண்டியா என்று சொல்லும். ஆனால் மாலை வெயில் நேராக அடித்தாலும், பாலத்தின் கரிய நிழல் சாலையில் விழுந்தாலும், கண்ணாடியில் சேறு படிந்தாலும் தடுமாறும். பொருத்திய கோணமும் முக்கியம். ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தொலைவில் பார்வை 1.75 மீட்டர் விலகிப்போகும். அது சாலைத் தடத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. பக்கத்துத் தடத்தில் போகும் லாரி தன் தடத்தில் இருப்பதாகக் கார் நினைக்க அது போதும். முன் கண்ணாடியை மாற்றிய பிறகும், பம்பர் பழுதுபார்த்த பிறகும் சென்சார்களின் கோணத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கருவிகள் பழுதின்றி இருந்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. எதிரே என்ன இருக்கிறது என்பதைக் கார் அறிகிறது. அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அடிப்படைக் கணக்கு எளியது: தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மோதலுக்கு எத்தனை நொடி என்று தெரிந்துவிடும். முன்னால் போகும் கார் வேகம் குறைத்து ஒரு தெருவுக்குள் திரும்புகிறது என்றால், தான் அங்கே போய்ச் சேரும் முன் அது விலகிவிடும் என்பது பின்னால் வரும் ஓட்டுநருக்குத் தெரியும். கணக்குக்குத் தெரிவது தூரம் குறைகிறது என்பது மட்டுமே. முந்துவதற்காக லாரியை நெருங்கி வலப்புறம் ஒடிக்கப்போகும் கணத்திலும் இதே நிலைதான். வளைவின் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார் சில நொடிகள் நேர் எதிரே நிற்பதாகத் தோன்றும். இந்த இடங்களில் ஓட்டுநரின் முடிவு சரி, காரின் பயமும் அதன் கணக்கின்படி சரி. எச்சரிக்கையை முன்கூட்டியோ தாமதித்தோ ஒலிக்கச் செய்யும் தேர்வு பல கார்களில் உண்டு என்றாலும், பிரேக் விழும் தருணத்தை அது எப்போதும் மாற்றுவதில்லை.

அமெரிக்காவில் இந்தக் குறை அரசுப் பதிவேடுகளில் ஏறியிருக்கிறது. அங்குள்ள தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் நிசான் ரோக் கார்கள் சுமார் 5.5 லட்சம் மீது விசாரணை தொடங்கியது. ரயில்வே கேட், பாலம், தாழ்ந்து தொங்கும் சிக்னல் விளக்கு ஆகியவை அந்தக் கார்களை நிறுத்தியதாகப் புகார்கள் கூறின. 2022 பிப்ரவரியில் டெஸ்லாவின் 4.16 லட்சம் கார்களும், ஹோண்டாவின் சுமார் 17 லட்சம் கார்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. டெஸ்லா மீது ஒன்பதே மாதங்களில் 354 புகார்கள் வந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனம் தன் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை நீக்கிக் கேமராவை மட்டும் நம்பத் தொடங்கியிருந்தது. ஹோண்டா விசாரணை 2024-ல் சுமார் 30 லட்சம் கார்களுக்கு விரிந்தது. ஓட்டுநர்கள் சிலர் இந்த ஏற்பாட்டின் எல்லைகளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருக்கலாம் என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. வெறும் சாலையில் விழும் பிரேக்குக்கு இந்த விளக்கம் போதாது.

2024 ஏப்ரலில் அதே அமைப்பு வெளியிட்ட விதி, 2029 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களிலும் இந்தப் பிரேக் இருக்க வேண்டும் என்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் முன் வண்டியைத் தொடாமல் நிற்க வேண்டும் என்பது அதன் கடுமையான பகுதி. அவ்வளவு வேகத்தில் நிற்க வெகு முன்னதாகவே பிரேக் விழ வேண்டியிருக்கும், பின்னால் வருபவர்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு எதிர்த்தது. பொய் பிரேக்கைச் சோதிக்க அந்த விதியில் உள்ளவை இரண்டே சோதனைகள்: சாலையில் கிடக்கும் இரும்புத் தகட்டின் மேல் செல்வது, நிறுத்திய இரண்டு கார்களுக்கு இடையே புகுந்து செல்வது. நிற்கத் தவறுவதை அத்தனை வேகங்களில், பகலிலும் இரவிலும் சோதிக்கும் விதி, தேவையில்லாமல் நிற்பதை இவ்வளவோடு விட்டிருப்பது பெருங்குறை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்தப் பிரேக் கட்டாயம். அங்கே ஓட்டுநர் அதை அணைத்து வைக்கலாம். ஆனால் காரை மறுபடி கிளப்பும்போது அது தானே உயிர்பெற்றுவிடும்.

இந்தியாவில் எம்ஜி க்ளோஸ்டர் 2020-லும், மஹிந்திரா எக்ஸ்யூவி700 2021-லும் இந்தப் பிரேக் அடங்கிய, அடாஸ் என்று அழைக்கப்படும் வசதித் தொகுப்புடன் வந்தன. இரண்டாவது கார், செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆய்வு மையத்தில் உருவானது. விட்ட இடைவெளியில் பைக் நுழைவதும், ஆட்டோ குறுக்கே வெட்டுவதும், எதிர்த்திசையில் இருசக்கர வண்டி ஓரமாக வருவதும், மாடு நடுச்சாலையில் நிற்பதும் இங்கே அன்றாடம். தடங்களை மதித்து ஓடும் சாலைக்கென்று தீட்டிய கணக்குக்கு இவை ஒவ்வொன்றும் அவசரநிலை. நகர நெரிசலில் இந்த வசதியை அணைத்துவிட்டு ஓட்டும் உரிமையாளர்கள் பலர். அப்படி அணைத்ததை மறந்து நெடுஞ்சாலை ஏறினால், அது உண்மையில் தேவைப்படும் இடத்தில் இருக்காது. எட்டுக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கும் வரைவை மத்திய அரசு 2025-ல் வெளியிட்டது. பேருந்தில் நின்றுகொண்டு வரும் பயணிகளுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி மட்டுமே உண்டு. பொய் பிரேக் முதலில் தள்ளிவிடுவது அவர்களைத்தான். குறுக்கே நுழைந்து விலகும் இருசக்கர வண்டிக்கு முழு பிரேக் விழாமல் இருக்கிறதா என்பதை, இந்தியச் சாலையில் ஓட்டிப் பார்த்தே சான்று தர வேண்டும்.

(தொடரும்)