காசு கொடுத்துக் காத்து வாங்கலாமா?

நாலு பேர் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியாச்சு. கழுவித் துடைச்சு, பின் கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. அடுத்து என்ன? எல்லா ஹாஸ்டலிலும் ஒரு 'எக்ஸ்பர்ட்' இருப்பாரே, அவர் வந்து போனட்டைத் திறப்பார். உள்ளே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிப் பார்ப்பார். "இன்ஜின் மூச்சு விட முடியாம திணறுதுடா மச்சி. இதைக் கழட்டிக் கடாசிட்டு ஒரு கோன் ஃபில்டர் மாட்டு, சும்மா பறக்கும்!" அவ்வளவுதான், அந்த மாசப் பாக்கெட் மணி காலி.

நிஜமாவே பறக்குமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம் பாஸ். பயப்படாதீங்க, எம்-3 அரியர் மாதிரி கஷ்டமா இருக்காது.

மாருதி 800-ஐயே எடுத்துக்குவோம். 2014-லேயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆனாலும் பசங்க கையில் கிடைச்சு படாத பாடு படுற வண்டி அதுதானே! இன்ஜின் 796 சி.சி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு இழுக்கும். 6000 ஆர்.பி.எம்.மில் கணக்குப் பார்த்தால் நிமிஷத்துக்குச் சுமார் 2400 லிட்டர் காற்று. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முழுசா நிரம்பாது, அதனால 2000-னு வெச்சுக்குவோம். மொட்டை மாடியில் நிற்கிற 1000 லிட்டர் தண்ணித் தொட்டி ரெண்டு, ஒரே நிமிஷத்தில்!

இவ்வளவு காற்றை ஒரு பேப்பர் ஃபில்டர் எவ்வளவு தடுக்கும்? வெளியே காற்றழுத்தம் 100 என்றால், சுத்தமான ஃபில்டரைத் தாண்டி உள்ளே வரும்போது ஒண்ணோ ரெண்டோதான் குறையும். அதுவும் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையா மிதிச்சுப் பிடிக்கிறப்போ மட்டும். ஆக, ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால்கூட லாபம் ரெண்டு சதவீதம். 37 குதிரைசக்தி வண்டியில் ரெண்டு சதவீதம்னா முக்கால் குதிரை. டிக்கியில் சும்மா கிடக்கிற 25 கிலோ சாமானை இறக்கி வெச்சாலே கிட்டத்தட்ட அதே பிக்-அப் கிடைச்சுடும். செலவு? ஒரு பைசா கிடையாது.

சரி, பவர் போகட்டும், மைலேஜாவது ஏறுமா? அதுவும் இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாத்தான் மிதிக்கிறோம். அப்போ த்ராட்டில் முக்கால்வாசி மூடித்தான் கிடக்கும். காற்றைத் தடுத்து நிறுத்துறதே அதுதான். குழாயைப் பாதி திருகி வெச்சுட்டு, மாடியிலிருந்து வர்ற பைப்பை மட்டும் அகலமாக்கின கதைதான் இந்த ஃபில்டர் சமாச்சாரம். இன்னொண்ணு, இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போற காற்றுக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து ஊத்தும், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். மிச்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதிச்சே பார்த்தது. அழுக்கடைச்ச ஃபில்டரை மாற்றியபோது வண்டி சுறுசுறுப்பாக வேகமெடுத்தது, ஆனால் மைலேஜில் சொல்லிக்கொள்கிற மாற்றம் இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டி மட்டும் விதிவிலக்கு. அதில் அடைச்ச ஃபில்டர் பெட்ரோலையும் கொஞ்சம் குடிக்கும்.

இதெல்லாம் லாபம் இல்லாத கதை. நஷ்டக் கதை ஒண்ணு இருக்கு, அதுதான் முக்கியம்.

அந்தக் கறுப்பு டப்பாவிலிருந்து ஒரு குழாய் வளைந்து நெளிந்து போகும், கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலான கார்களில் அது ஹெட்லைட் பக்கமோ கிரில் பக்கமோ போய் முடியும். வெளிக்காற்றைப் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. கடையில் 'கோல்டு ஏர் இன்டேக்' என்று காசு வாங்கிக்கிட்டு விற்கிறாங்களே, அது உங்க வண்டியில் ஃபேக்டரியிலேயே மாட்டித்தான் வந்திருக்கு சார்! அதைப் பிடுங்கிப் போட்டுட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் மொட்டையாக ஒரு கோன் ஃபில்டரை மாட்டினால் என்ன ஆகும்? போனட்டுக்குள் கொதிக்கிற காற்றைத்தான் அது குடிக்கும்.

வெளியே 35 டிகிரி, போனட்டுக்குள் 60 டிகிரி என்று வெச்சுக்குவோம். டிராஃபிக்கில் நிற்கிற வண்டிக்கு இது ரொம்ப சாதாரணம். சூடானால் காற்று விரிந்து லேசாகிவிடும். ப்ளஸ் டூவில் படிச்ச சார்லஸ் விதி ஞாபகம் இருக்கா? கெல்வினில் 308-ஐ 333-ஆல் வகுங்க. 0.92 சொச்சம் வரும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் 7 சதவீதத்துக்கு மேல் காற்று குறைச்சல். ரெண்டு சதவீதம் சம்பாதிக்கப் போய் ஏழைத் தொலைச்ச கணக்கு!

அப்புறம் ஏன் மாட்டினவங்க எல்லாரும் "செம பிக்-அப் மச்சி" என்கிறார்கள்? சத்தம்! அந்த டப்பாவும், குழாயின் ஓரத்தில் தொங்கும் குட்டி டப்பாவும் இன்ஜின் மூச்சு இழுக்கிற இரைச்சலை அமுக்கத்தான் இருக்கு. அதைக் கழட்டினதும் வண்டி உறுமும். காதுக்கு உறுமல் கேட்டால் மனசுக்கு வேகம் தெரியும். உறுமல்தான் வேணும்னா தாராளமா மாட்டுங்க, ரசனைக்கு ஏது தடை! ஆனா 'பவருக்காக' என்று வீட்டில் கதை விடாதீங்க.

காற்றைச் சுழற்றிவிடுகிறேன் என்று குழாய்க்குள் செருகுகிற தகர விசிறி பற்றிப் பேசவே வேண்டாம். 2005-ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகை சோதிச்சப்போ பவர் குறைந்ததுதான் மிச்சம்.

ஃபில்டரே இல்லாமல் ஓட்டுற வீரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ரோட்டுப் புழுதியில் இருக்கிற மணல் துகள் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும். எண்ணெய் தடவுற ரக ஃபில்டரில் அளவுக்கு மேல் தடவினால், சில கார்களில் காற்றை அளக்கிற சென்சார் மேல் அது படிந்து, அளவே தப்பாகும். பம்பருக்குக் கீழே குழாயை இறக்குகிறவர்கள் மழைக்காலத்தை நினைச்சுக்கோங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை ரோடெல்லாம் குளமானது தெரியும்தானே? காற்றோடு தண்ணீரும் உள்ளே போச்சுன்னா, தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்கிற செலவு, வண்டியை வாங்கின விலையைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

அப்போ கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமா? வேண்டாம். கம்பெனி அளவிலேயே புது பேப்பர் ஃபில்டர் ஒண்ணு போடுங்க. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கா, கிளாம்ப் லூசா என்று பாருங்க. குழாயின் வாயில் சருகு, எலிக்கூடு இருந்தால் எடுங்க (சிரிக்காதீங்க, நிறுத்தி வெச்ச வண்டியில் சகஜம்). த்ராட்டில் பாடியில் கரி படிஞ்சிருந்தால் அதுக்கான ஸ்பிரே வாங்கித் துடைக்கலாம். ஐடிலிங்கில் நடுங்கின வண்டி இதிலேயே அடங்கிடலாம்.

அப்படியும் 'எக்ஸ்பர்ட்' விடலைன்னா சோதனை வைங்க. ஆளில்லாத நேரான ரோடு, அதே டிரைவர், அதே சுமை. மூணாவது கியரில் 40-லிருந்து 70 தொட எத்தனை விநாடி? போக ஒரு தடவை, வர ஒரு தடவை, இப்படி அஞ்சு முறை. புதுசை மாட்டிட்டு மறுபடி. அப்புறம் பழசையே திருப்பி மாட்டி இன்னொரு தடவை. பலர் விடுற இடம் இந்தக் கடைசிச் சுற்றுதான். காற்றும் வெயிலும் மாறினதால் வந்த வித்தியாசத்தை அதுதான் காட்டிக்கொடுக்கும். சமீபத்திய கார் என்றால் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவியைச் செருகி, உள்ளே போற காற்றின் வெப்பத்தை மொபைலிலேயே பார்க்கலாம்.

காற்றோட்டத்தில் நிஜமாவே விளையாடணும்னு வெறி இருக்கிற மெக்கானிக்கல் பசங்களுக்கு வேற களம் இருக்கு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் மாதிரியான மாணவர் போட்டிகளில், சொந்தமா கார் கட்டி ஓட்டணும். பெட்ரோல் இன்ஜின் 710 சி.சி. வரை இருக்கலாம். ஆனா உள்ளே போற மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று வழியாத்தான் போகணும். அந்த ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுட்டா, அதுக்கு மேல இன்ஜின் எவ்வளவு இழுத்தாலும் ஒரு துளி கூடுதலா வராது. எந்தக் கோன் ஃபில்டரும் அங்கே உதவாது. ஓட்டைக்கு முன்னால் எந்தக் கோணத்தில் குறுகணும், பின்னால் எந்தக் கோணத்தில் விரியணும் என்று ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டணும். முக்கால் குதிரைக்கு அங்கேதான் மரியாதை.