கழிவு நீரைச் சுத்திகரித்தால் நச்சுயிரிகள் நீங்குமா?

நகரங்களை அடுத்த ஊர்களில் சுத்திகரிக்கப்பட்ட சாக்கடை நீர் பாசனத்திற்குப் பயன்படுகிறது. இந்நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் உரச் செலவு குறைகிறது. எனினும், நீர் தெளிவாக இருப்பதாலேயே நோய்க் கிருமிகள் நீங்கிவிட்டன எனக் கொள்ளலாகாது.

மஞ்சள் காமாலை, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ் எனும் நச்சுயிரிகள் மலத்தின் வழியே சாக்கடையை அடைகின்றன. இவை பாக்டீரியாக்களைவிட மிகச் சிறியவை. அவற்றைவிடக் குளோரினைத் தாங்கவும் வல்லவை. 1955-56ஆம் ஆண்டில் தில்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்தது. குளோரின் கூடுதலாக இடப்பட்டது, டைபாய்டு பெருகவில்லை. ஆயினும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

சுத்திகரிப்பு முறைகளும் பலனும்

1. படிய வைத்தல்: நச்சுயிரிகளில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். கசடில் ஒட்டிப் படிந்தவையும் உடனே அழிவதில்லை. எனவே, பதப்படுத்தாத கசடை எருவாக இடக்கூடாது.

2. காற்றூட்டும் முறை: நன்கு இயங்கும் நிலையத்தில் 90 முதல் 99 விழுக்காடு வரை நீங்கும். பராமரிப்புக் குறைந்தால் பலனும் குறையும்.

3. தொடர் குட்டைகள்: ஆழம் குறைந்த குட்டைகளில் நீரை வாரக்கணக்கில் தேக்கினால், வெயிலாலும் பாசியால் உயரும் காரத்தன்மையாலும் 99 விழுக்காட்டிற்கு மேலும் குறைக்க இயலும்.

4. குளோரின் இடுதல்: கலங்கிய நீரில் நச்சுயிரிகள் அழுக்கினுள் மறைந்து தப்பும். தெளிந்த நீரில் இட்டால்தான் நல்ல பலன் உண்டு.

ஒரு லிட்டர் நீரில் 1,00,000 நச்சுயிரிகள் இருந்தால், 99 விழுக்காடு நீங்கிய பின்னும் 1,000 எஞ்சும். நோய் உண்டாகச் சிலவே போதும். ஆகவே வயலிலும் தடுப்பு தேவை.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

• கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி போன்று பச்சையாக உண்பவற்றைத் தவிர்த்து, பருத்தி, தென்னை, தீவனப் புல் ஆகியவற்றைப் பயிரிடலாம். மதுரை அவனியாபுரம் சாக்கடைப் பண்ணையில் தீவனப் புல்லே வளர்க்கப்பட்டது.

• தெளிப்பு முறையில் நீர் பாய்ச்ச வேண்டாம். இலையிலும் காயிலும் படாத சொட்டு நீர்ப்பாசனமே சிறந்தது.

• நச்சுயிரிகள் மண்ணில் பெருகுவதில்லை. வெயிலில் நாளுக்கு நாள் அழியும். ஆகவே அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே இந்நீரை நிறுத்த வேண்டும்.

• வேலை முடிந்ததும் கை கால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வாய்க்காலில் குழந்தைகளை விளையாட விடலாகாது.

சுத்திகரிப்பு நிலையம் பாதிக் காவல்தான். மீதிக் காவல் உழவர் கையில் உள்ளது.