கன்றில் தொடங்குங்கள், பூவுக்குப் பிறகு வாருங்கள்

மீளக்குடியேறிய ஊரில் எல்லா வளவும் ஒரே நேரத்தில் வெறுமையாக நிற்கிறது. வேலி இல்லை, நிழல் இல்லை, கறிக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை இல்லை, சாமிப் படத்துக்கு வைக்க ஒரு செவ்வரத்தம்பூ இல்லை. 2007ஆம் ஆண்டு முதல் வாகரையிலும் படுவான்கரையிலும் திரும்பிவந்த குடும்பங்கள் வீடு எழும்பியதும் தேடியவற்றில் முருங்கைத் தடியும் தேசிக் கன்றும் பூமரமும் இருந்தன. சாதாரண ஊரில் இவற்றை அயலவரிடம் கேட்டு வாங்கலாம். அயலவரும் நேற்றுத்தான் வந்தவர் என்றால் யாரிடம் கேட்பது? கன்று வளர்த்து விற்பவருக்கு முதல் வாடிக்கையாளர் இந்த அயலவர்தான்.

பூக்கடை அல்லது கன்றுக் கடை வைக்க விரும்புகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் தகரமும் சீமெந்தும்தான். கடைக் கட்டடம் இல்லாமல் கடை இல்லை என்று நினைக்கிறோம். இந்தத் தொழிலில் அது சரியல்ல. உங்கள் கையில் உள்ள வாழ்வாதாரக் கொடுப்பனவு சிறியது, ஒரு தடவைதான் கிடைக்கும். அதைச் சுவரில் போட்டால் சுவர் வளராது. அதே பணம் மண்ணிலும் பையிலும் நிழல் வலையிலும் தாய்மரத்திலும் போனால், ஆறு மாதத்தில் அது விலைபோகும் பொருளாக நிற்கும்.

கன்றையும் பூவையும் ஒரே தொழிலாக எண்ணவேண்டாம். காலையில் பறித்த மல்லிகை மாலைக்குள் விற்காவிட்டால் நட்டம். பையில் நிற்கும் செவ்வரத்தை இன்று விற்காவிட்டால் அடுத்த மாதம் இன்னும் ஒரு சாண் உயர்ந்து கூடிய விலைக்குப் போகும். கையில் பணம் இல்லாதவர் நாளாக நாளாகப் பெறுமதி கூடும் பொருளோடு தொடங்குவதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. பலருடைய காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. சிலருக்கு எல்லைப் பிணக்கு இன்னும் தீரவில்லை. அப்படிப்பட்ட காணியில் மல்லிகைத் தோட்டம் வைத்தால், பிணக்கு மறுபக்கம் தீரும் நாளில் தோட்டமும் போய்விடும். பைக் கன்றுகளை ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். காணிப் பத்திரம் கையில் வரும்வரை எதையும் நிலத்தில் நடாமல் பையிலேயே வையுங்கள்.

தண்ணீரை முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்ந்தது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் உப்பு உள்ளே ஏறும். வாவியோரக் கிணறுகள் மாரியில் நன்னீராக இருந்து கோடையில் உவர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். குடிக்கச் சற்று உவர்ப்பாக இருக்கும் நீர் நாற்றுக்குப் பெரிய கேடு. இலை நுனியும் ஓரமும் கருகி, நன்றாக ஊற்றியும் கன்று வாடினால் உப்பைச் சந்தேகியுங்கள். தை மாதத்தில் கிணற்றைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படவேண்டாம். ஆடி, ஆவணியில் அதே கிணறு எப்படி இருக்கும் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் சொன்னால் நீரின் உவர்த்தன்மையை அளக்க வழிகாட்டுவார்.

உவர் கொஞ்சம் இருக்கும் இடத்தில் காகிதப்பூ, நித்தியகல்யாணி, அலரி ஆகியவை தாக்குப்பிடிக்கும். ரோசாவும் மல்லிகையும் முகம் சுளிக்கும். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டுக்கு அதை விற்கும்போது வாயால் சொல்லிவிடுங்கள். மஞ்சள் அலரியை வைக்காமலே விடுவது நல்லது.

தண்ணீரின் அளவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஒரு சிறு பைக்கு ஒரு தடவைக்குக் கால் லீற்றர் என்று வைத்தால் 500 பைக்கு 125 லீற்றர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையும் மாலையும் ஊற்றவேண்டும். அப்போது நாளொன்றுக்கு 250 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் 25 நடை. கிணறு அடுத்த வளவில் என்றால் இந்தத் தொழிலின் பெரும்பாலான உழைப்பு அந்த நடைதான். அதைச் செய்வது வீட்டில் பெரும்பாலும் ஒரே ஆள். ஆகவே எத்தனை பை வைக்கலாம் என்பதை உங்கள் கிணற்றின் தூரத்தைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். 200 பையோடு தொடங்கி அத்தனையையும் காப்பாற்றுவது, 500 வைத்துப் பாதியைச் சாகவிடுவதைவிட நல்லது.

மண்

எழுவான்கரையில் மணல். ஊற்றிய நீர் நிற்காது. படுவான்கரை வயல் மண்ணில் களி அதிகம். பையில் நிரப்பினால் காய்ந்து கல்லாகும், மாரியில் வேர் அழுகும். இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் இடம் இது. மேல்மண், மணல், நன்றாக மக்கிய மாட்டெரு மூன்றையும் சம பங்காகக் கலப்பது பொதுவான வழக்கம். மணல் பக்கத்தில் இருப்பவர்கள் மணலைக் குறைத்துத் தும்புத்தூள் சேர்க்கலாம். களி மண்காரர் கரித்த உமி சேர்க்கலாம். ஆலையில் உமி கிடைக்கும். தும்புத்தூளில் ஒரு கவனம் வேண்டும். உவர் நீரில் மட்டையை ஊறவிட்டு எடுத்த தும்பின் தூளில் உப்பு இருக்கும். நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசி வடியவிட்டே கலக்கவேண்டும். பச்சைச் சாணம் போடக்கூடாது. அது மக்கும்போது சூடேறி இளவேரைப் பொசுக்கும்.

மேல்மண் எடுக்கக் காட்டோரம், ஆள் இல்லாத வளவு, பழைய காவலரண் பக்கம் போகவேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மாத்திரம் மண்வெட்டியை ஊன்றுங்கள். நல்ல மண் என்று யாரும் சொன்னாலும் இதுதான் விதி. தாய்மரத் தடி தேடிப்போகும்போதும் அப்படியே. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

எதை, எப்போது

எமது பகுதியில் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தையில் உச்சத்துக்குப் போகும். மழை விழுந்ததும்தான் மக்கள் கன்று நடுவார்கள். ஆகவே விற்பனைக் காலம் மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்கு ஆனி, ஆடியிலேயே தடி குத்தியிருக்கவேண்டும். மழையைக் கண்டு பை வாங்க ஓடுபவரின் கன்று தயாராகும்போது வாங்குபவர் வேறொருவரிடம் வாங்கி நட்டிருப்பார்.

செவ்வரத்தை, குரோட்டன், காகிதப்பூ மூன்றும் தடியில் வரும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேலே ஒன்றிரண்டை மாத்திரம் விடுங்கள். முதலில் ஈர மணல் பாத்தியில் நெருக்கமாகக் குத்தி, மேலே வளைத்த கம்பில் வெளிச்சம் புகும் பொலித்தீனைப் போர்த்தி, நிழலில் வையுங்கள். கச்சான் காலத்தில் இந்தப் போர்வை இல்லாமல் தடி பிழைக்காது. செவ்வரத்தை நாலைந்து கிழமையில் வேர்விடும். காகிதப்பூவுக்கு இன்னும் பொறுமை வேண்டும். வேர்விட்டதை மட்டும் பைக்கு மாற்றுங்கள். 100 தடியில் 60 வேர்விட்டு, அதில் 10 பிறகு வாடி, 50 விலைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரே பையில் குத்தியிருந்தால் 50 கன்றுக்கு 100 பையின் மண்ணும் எருவும் செலவு. பாத்தி வழியாக வந்தால் 60 பைதான். விலை வைக்கும்போதும் செத்த கன்றின் செலவை உயிரோடு நிற்கும் கன்றின் மேல் ஏற்றியே கணக்கிடவேண்டும்.

பூமரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படுவது கறிவேப்பிலை, தேசி, பப்பாசி, மாதுளை, கொய்யா. கறிவேப்பிலை விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பழம் பழுத்த உடன் தசையை நீக்கி விதைக்கவேண்டும். முருங்கையைக் கையளவு பருமனுள்ள நீண்ட தடியாகவே விற்கலாம், பை வேண்டாம். வேலிக்குக் கிளிசரியாத் தடியும் பூவரசந் தடியும் கட்டுக்கட்டாகப் போகும். இவற்றில் இலாபம் சிறிது. ஆனால் வேலித் தடி வாங்க வந்தவர்தான் போகும்போது ஒரு ரோசாவையும் தூக்கிப்போவார்.

அந்தூரியமும் மலைநாட்டுப் பூக்களும் அழகுதான். வெளியூர் லொறியில் வரும்போது வாங்கிவைக்க ஆசை வரும். எமது வெயிலுக்கும் காற்றுக்கும் அவை நிற்பதில்லை. வாங்கியவர் அடுத்த மாதம் வந்து உங்களோடுதான் கோபிப்பார். ஆற்றுவாழையை நீர்ப்பூ என்று தொட்டியில் வைத்து விற்கவே வேண்டாம். 1905ஆம் ஆண்டளவில் அழகுக்காகத்தான் அது இலங்கைக்கு வந்தது. நாலு வருடத்தில், 1909இல், அதைத் தடுக்கச் சட்டமே போடவேண்டியதாயிற்று. இன்றும் அதை வாவியிலும் குளங்களிலும் பார்க்கிறீர்கள்.

எங்கே வைத்தாலும் முதலில் வேலி. கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு இரவில் ஆறு மாத உழைப்பைத் தின்றுவிடும். பைகளை வளவின் மேட்டுப் பக்கத்தில் அடுக்குங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறியது என்பதை அயலில் கேட்டு, அதற்கு மேலே மேடை போட்டால் நல்லது. பூச்சாடித் தட்டிலும் வெற்றுப் பேணியிலும் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு ஒரு பக்கம்; 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தொடரவும் முடியும்.

பூ எப்போது

ஒரு மாரி விற்பனை கண்ட பிறகு பூவைப் பற்றி யோசிக்கலாம். இங்கே பூவின் விலையைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம், ஆவணியில் மண்டூர் முருகன், புரட்டாதியில் நவராத்திரி, மார்கழியில் திருவெம்பாவை. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாள். இடையில் கலியாணமும் மரணமும். இந்த நாட்களில் பூ இல்லாமல் தவிப்பார்கள். மற்ற நாட்களில் நீங்கள் தவிப்பீர்கள். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தனை பெயர்பெற்ற பூவுக்கும் முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் வேறு விலை.

அதனால் நாளைப் பின்னோக்கி எண்ணி நடுங்கள். செவ்வந்தி விதைத்து இரண்டு தொடக்கம் இரண்டரை மாதத்தில் பூக்கும். ஆடி அமாவாசைக்குப் பூ வேண்டுமானால் வைகாசியில் நாற்று முளைத்திருக்கவேண்டும். மல்லிகை அப்படியல்ல. நட்ட முதல் வருடம் கைச்செலவுக்கே காணாது, இரண்டாம் வருடத்தில்தான் முகம் காட்டும். மொட்டை விடியுமுன் பறிக்கவும் ஆள் வேண்டும். அம்மன் சடங்கு நாட்களில் பூவோடு கமுகம்பாளை, வேப்பிலை, மாவிலை எல்லாம் தேவை. கோயில் நிருவாகத்தினரை ஒரு மாதம் முன்பே சந்தித்து எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதிவையுங்கள். தாமரை பறிக்கக் குளத்தில் இறங்குபவர்கள் முதலையை மறக்கக்கூடாது. தோணி இல்லாமல் இறங்கவேண்டாம், பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

விற்பதற்குத் தினமும் கடை திறந்து காத்திருக்கத் தேவையில்லை. கிழமைச் சந்தை, பாடசாலைச் சந்தி, பாதைத் துறை ஆகியவை போதும். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்பவர் கண்ணில் பட்டாலே பத்துக் கன்று போகும். காத்தான்குடி, ஏறாவூர் கடைத்தெருக்களில் வீட்டு முற்றத்துக்கும் பூச்சாடிக்கும் கன்று வாங்குவோர் உண்டு. பிரதான வீதியோரத்தில் நிரந்தரமாகப் பந்தல் போடுமுன் பிரதேச சபையில் கேளுங்கள். வீதி ஒதுக்கில் போட்டதை ஒரு நாள் அகற்றச் சொல்வார்கள்.

முதல் மாரிக்குக் கடன் எடுக்கவேண்டாம். கிழமைக் கிழமை தவணை கட்டும் நுண்கடனுக்கும் ஆறு மாதம் காத்திருக்கும் கன்றுக்கும் பொருந்தாது. தவணைக்காக நகை அடகுக்குப் போகும், கன்று பாதி விலைக்குப் போகும். நிழல் வலைக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ பணம் காணாவிட்டால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பங்கிடுவதைப் பற்றிப் பேசிப்பாருங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். தேசிய அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் அதற்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை. விதையும் நடுகைப் பொருளும் விற்பவர்களின் பதிவு 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒட்டு மா, ஒட்டுத் தோடை விற்க எண்ணுபவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும். ஒட்டுக் கட்டவும் பதியம் வைக்கவும் பழக விரும்பினால் கமநல சேவை நிலையத்தில் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கரடியனாற்றில் விவசாயத் திணைக்களத்தின் நிலையமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உள்ளன. பயிற்சி எப்போது நடக்கும் என்பதைப் போதனாசிரியர் சொல்வார். போகும்போது வாடிய கன்று ஒன்றைப் பையோடு கொண்டுபோங்கள். வாயால் விளக்குவதைவிட அதைப் பார்த்து அவர் விரைவில் சொல்லிவிடுவார்.