எஃகைச் சோதிக்கும் அயனிக் கற்றை

வேக ஈனுலையில் எரிபொருளை மூடியிருக்கும் எஃகுக் குழாய், ஓயாத நியூட்ரான் தாக்குதலைத் தாங்க வேண்டும். நியூட்ரான்கள் மோதும்போது உலோக அணுக்கள் இடம்பெயர்கின்றன. காலியான இடங்கள் ஒன்றுசேர்ந்து நுண்ணிய வெற்றிடங்களாக வளர, எஃகு உப்புகிறது.

இதை உலைக்குள்ளேயே வைத்துச் சோதித்தால் முடிவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். மாதிரியும் கதிரியக்கம் கொண்டதாகிவிடும். அயனிக் கற்றையோ அதே அளவு சேதத்தைச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உண்டாக்கிவிடும்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், 17 லட்சம் வோல்ட் முடுக்கியைக் கொண்டு இயற்பியலாளர்கள் இந்த ஆய்வைச் செய்கிறார்கள். எதிர்மின் அயனிகள் முடுக்கியின் நடுப்பகுதிக்கு இழுக்கப்பட்டு, அங்கே எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகி, மறுபக்கம் வேகமாகத் தள்ளப்படுகின்றன. ஒரே மின்னழுத்தம் இருமுறை பயன்படுகிறது.

சூடாக்கிய எஃகில் நிக்கல் அயனிகள் பாய்கின்றன. தாக்கப்பட்ட பகுதி மேலெழும் உயரத்தை அளந்து உப்பலைக் கணக்கிடுகிறார்கள். சிறிதளவு டைட்டானியம் சேர்த்த எஃகு குறைவாகவே உப்புகிறது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் எரிபொருள் உறையாக இருப்பதும் அவ்வகை எஃகுதான்.